ஏசி திட்டில் ஒரு கூடு, சன்னலில் ஒரு மண்கூடு: எதை எடுப்பது, எதை விடுவது?

நாலாவது மாடி (வெள்ளி, இரவு 9.50)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம். ஆனாலும் விவரமாக எழுதினால்தான் சரியான பதில் வரும் என்பதால் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர், பாசிர் ரிஸ்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. நாலாவது மாடி, மூலை வீடு. எதிரே தூங்குமூஞ்சி மரங்கள். இப்போது வீட்டில் இரண்டு இடத்தில் குளவி கட்டியிருக்கிறது.

ஒன்று, சமையலறைச் சன்னலின் உள்பக்கம், சட்டத்தின் மேல்மூலையில். கட்டைவிரல் நீளத்துக்கு நாலைந்து மண் குழாய்களை ஒட்டிவைத்து மேலே சேற்றை அப்பியதுபோல இருக்கிறது. நூல் மாதிரி இடுப்புள்ள ஒரே ஒரு குளவிதான் வந்து வந்து கட்டியது. கட்டி முடித்தபின் அதைக் காணவில்லை.

இரண்டாவதுதான் பயம். படுக்கையறைக்கு வெளியே ஏசிப் பெட்டி இருக்கிற திட்டில், பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தொங்குகிறது. முதலில் பார்த்தபோது எலுமிச்சம்பழ அளவு, ஏதோ குப்பை என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் கழித்து இன்று பார்த்தால் உரித்த தேங்காய் அளவு.

நேற்று துணி காயப்போட மூங்கில் கம்பை எடுத்தபோது கணவருக்குப் புறங்கையில் ஒரு கொட்டு. கை பன் மாதிரி வீங்கியிருக்கிறது. மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. பையனுக்கு ஆறு வயது, அந்த அறையில்தான் படுப்பான்.

மாமியார் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். மண்கூட்டைத் தொடக்கூடாது என்கிறார். வீட்டுக்குள் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்குமாம். (எனக்கு வயது 41. அவரிடம் இதை யார் எடுத்துச் சொல்வது?) ஆனால் ஏசிப் பக்கம் இருப்பதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. "அது கதண்டும்மா, கிட்டப் போகாதே" என்றார்.

ராத்திரி சன்னல் வழியாகக் கொசு மருந்து ஸ்ப்ரே அடித்தால் போதுமா? நகர மன்றம் வந்து எடுக்குமா? புதன்கிழமை ஏசி சர்வீஸுக்கு வேறு ஆள் வருகிறார்.

செம்பவாங் ராசா

இதுக்கெல்லாமா பயப்படுவாங்க. ஊர்ல பழைய துணியை மண்ணெண்ணெயில் நனைச்சு, கம்புல சுத்திக் கொளுத்திக் காட்டினா குழவி எல்லாம் காலி. அஞ்சு நிமிஷ வேலை.

தோட்டக்காரி

ராசா அண்ணே, ஊரில் அது தோப்பு, பனைமரம். இங்கே நாலாவது மாடி. ஏசிப் பெட்டிக்குள் இருக்கிற குளிர்விக்கும் வாயு, மின்கம்பி, மேல்வீட்டுக்காரர் காயப்போட்ட துணி, எல்லாவற்றையும் சேர்த்துக் கொளுத்தச் சொல்கிறீர்களா? தீயைவிட எனக்கு இன்னொரு பயம். சன்னலுக்கு வெளியே எக்கி நிற்கிற மனிதனைக் குளவி மொய்த்தால் அவன் கையை உதறுவானா, சன்னலைப் பிடித்துக்கொள்வானா?

அப்புறம், குழவி என்றால் கைக்குழந்தை, இல்லையென்றால் அம்மிக் குழவி. கொட்டுவது குளவி.

செம்பவாங் ராசா

அம்மிக் குழவியும் கால்ல விழுந்தா கொட்டுன மாதிரிதான் இருக்கும்லா. சரி, தீ வேண்டாம், ஒத்துக்கிறேன்.

பூச்சி பார்க்கிறவன்

அக்கா, மருந்தா மன்றமா என்பதைவிட அது என்ன குளவி என்று தெரிவதுதான் முதல் வேலை. சன்னலைச் சாத்திவிட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்து மூன்று விஷயம் மட்டும் சொல்லுங்கள். போனைக் கண்ணாடியில் ஒட்டிப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

கூட்டின் அடியில் தாமரைக்காய் மாதிரி அறைகள் திறந்து தெரிகின்றனவா, இல்லை பந்து மாதிரி முழுக்க மூடி ஒரு ஓட்டை மட்டும் இருக்கிறதா? பூச்சியின் வயிற்றில் என்ன நிறம், எந்தப் பக்கம்? அருகில் ஆள் நடமாடினால் வாசலில் வந்து உட்கார்ந்து பார்க்கின்றனவா?

நாலாவது மாடி (சனி, காலை)

மூடிய பந்துதான். பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஒரு ஓட்டை. மேலே சாம்பலும் பழுப்புமாக அலை அலையாக வரிகள், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பூச்சி கறுப்பு. வயிற்றின் முன்பாதி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சள், பின்பாதி கறுப்பு. ஓட்டையில் எப்போதும் ஒன்றிரண்டு தலை தெரிகிறது. திரையை விலக்கினால் அந்தத் தலைகள் இந்தப் பக்கம் திரும்புகின்றன.

பூச்சி பார்க்கிறவன்

உங்கள் மாமியார் சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தில் ஹார்னெட் என்கிற கதண்டு. அறிவியல் பெயர் வெஸ்பா அஃபினிஸ். சிங்கப்பூரில் குடியிருப்புப் பக்கம் அதிகம் தென்படும் கதண்டு இதுதான், அந்த முன்பாதி ஆரஞ்சுப் பட்டைதான் அடையாளம். தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவருக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குக் கொசு ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பந்துக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள் உண்டு, ஒவ்வொன்றிலும் கீழ்நோக்கிய அறைகள். வெளியே அந்தக் காகிதச் சுவர் பல மடிப்பு. நீங்கள் அடிக்கும் மருந்து மேல்சுவரை நனைக்கும், வாசலில் நிற்கிற நாலைந்து சாகும், உள்ளே இருப்பவை கிளம்பி வரும். அதுவும் ராத்திரி அறையில் விளக்கு எரிந்தால் நேரே வெளிச்சத்துக்குத்தான் வரும். தேனீக்குக் கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ளும், ஒரு கொட்டோடு அதன் கதை முடிந்தது. கதண்டின் கொடுக்கு மாட்டாது, ஒன்றே பலமுறை கொட்டும். கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றை அடித்து நசுக்கினால் அதன் நஞ்சு வாடையே மற்றவற்றுக்கு அழைப்பு மணி.

உங்கள் கணவருக்கு ஏன் கம்பைத் தொட்டதும் கொட்டு விழுந்தது தெரியுமா? கூட்டுக்கு வேண்டிய காகிதத்தை அவை பழைய மரத்தைச் சுரண்டி, எச்சிலில் மென்று செய்கின்றன. மூங்கிலும் அவற்றுக்குப் பிடிக்கும். கம்பைப் பிறகு ஒருநாள் பாருங்கள், வெயிலில் வெளுத்த மேல்தோலில் சின்னச் சின்னக் கோடாகச் சுரண்டிய தடம் இருக்கலாம். சுரண்டிக்கொண்டிருந்த ஒன்றின்மேல் கையை வைத்திருப்பார்.

மண்கூடு முற்றிலும் வேறு கதை. அது தனிக்குடித்தனம் நடத்தும் மண்குளவி. காவல் காக்கப் படை கிடையாது, கையால் பிடித்து அழுத்தினால் ஒழியக் கொட்டாது. ஒவ்வொரு குழாயிலும் கொட்டி மயக்கிய சிலந்திகளைத் திணித்து, ஒரு முட்டை வைத்து, மண்ணால் அடைத்துவிட்டுத் தாய் போய்விட்டது. புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, ஒருநாள் துளை போட்டு வெளியே வரும். புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவி தன்னைப்போல் ஆக்கும் என்று நம் பழைய ஆட்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான். மயங்கிய பூச்சி உள்ளே போகிறது, குளவி வெளியே வருகிறது. அவர்கள் கண்ணில் குறை இல்லை, நடுவில் இருந்த முட்டை மட்டும் தெரியவில்லை. அதை விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லையென்றால் காலியானபின் தோசைத் திருப்பியால் சுரண்டினால் வந்துவிடும்.

இரவுப் பணி

செவிலியராக இருக்கிறேன், கொட்டு பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கணவர் அந்தக் கையில் மோதிரம் போட்டிருந்தால் இப்போதே கழற்றச் சொல்லுங்கள், வீக்கம் ஏறினால் வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள், துணி சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள், கையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கட்டும். மருந்தகத்தில் கேட்டால் அரிப்புக்கான ஒவ்வாமை மாத்திரை தருவார்கள். இரண்டாம் நாள் வீக்கம் கூடுவது வழக்கம்தான். மாமியார் சுண்ணாம்பு எடுத்து வந்தால் வெற்றிலைக்குத் திருப்பி அனுப்புங்கள், தோல்தான் வெந்துபோகும்.

ஆனால் கொட்டிய சிறிது நேரத்தில் உதடு, நாக்கு, முகம் வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, தலைசுற்றல், இவற்றில் ஏதாவது வந்தால் உடனே ஆம்புலன்ஸ், 995. டாக்சி பிடித்துப் பலதுறை மருந்தகத்தில் வரிசை எண் வாங்குகிற வேலை இல்லை. ஆளைப் படுக்க வைக்க வேண்டும், மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம், நடக்க விடக்கூடாது. பத்து இருபது கொட்டு வாங்கியவர் ஒவ்வாமையே இல்லாமல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டும். நஞ்சு அதிகமானால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், அது பிறகுதான் தெரியும். சிறு பிள்ளைக்கு அத்தனைகூட வேண்டாம்.

புக்கிட் பாத்தோக் மாமா

நகர மன்றம் பற்றி. தாழ்வாரம், படிக்கட்டு, கீழ்த்தளம், புளோக்கைச் சுற்றியுள்ள மரம், இவற்றில் கூடு இருந்தால் அவர்கள் பொறுப்பு. ஒன்சர்வீஸ் செயலியில் படத்தோடு போட்டால் உரிய இடத்துக்குப் போய்விடும். பூங்காவிலோ சாலையோர மரத்திலோ இருந்தால் தேசியப் பூங்காக் கழகம், விலங்குகள் தொடர்பான எண் 1800 476 1600. உங்கள் வீட்டு ஏசித் திட்டில் இருப்பது உங்கள் செலவு. பூச்சி ஒழிப்பு நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, கதண்டுக்கான முழு உடுப்பு இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். கரப்பான்பூச்சிக்கு வருகிறவர் எல்லாரும் இதற்குச் சரிப்பட மாட்டார்.

நான் பட்டது ஒன்று. பழைய வீட்டில் இதேபோல் கூடு. ஒரு நிறுவனம் பட்டப்பகல் இரண்டு மணிக்கு ஆள் அனுப்பியது. அடித்தார், கூட்டைப் பையில் போட்டார், காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரை தேடப் போனவை எல்லாம் சாயங்காலம் வந்து வீட்டைக் காணாமல் சுற்றின. பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்குக் கழுத்தில் இரண்டு கொட்டு. நல்ல வேளை ஒன்றும் ஆகவில்லை, ஆனால் நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுப் பக்கம் தலை காட்டவே வெட்கமாக இருந்தது. இருட்டியபின் வருகிற ஆளாகப் பிடியுங்கள். அப்போதுதான் எல்லாம் கூட்டுக்குள் இருக்கும்.

புதன்கிழமை வருகிற ஏசிக்காரரை இன்றே தள்ளிவைக்கச் சொல்லுங்கள். தெரியாமல் பெட்டி மூடியைக் கழற்றினார் என்றால் மாட்டிக்கொள்வது அவர்தான்.

தோட்டக்காரி

எல்லாக் குளவியையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். என் வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலைத் தொட்டிக்கு மேலே, திறந்த தாமரைக்காய் வகை, ஒரு வெள்ளிக் காசு அளவுக்குக் கூடு இருக்கிறது. ஏழெட்டு காகிதக் குளவி. காலையில் தண்ணீர் ஊற்றும்போது பார்ப்பேன், ஒன்று இலை இலையாக நடந்துபோய்ப் பச்சைப் புழுவைப் பிடித்து, அங்கேயே மென்று உருண்டையாக்கித் தூக்கிக்கொண்டு போகும். முன்பெல்லாம் அந்தப் புழு இரண்டு நாளில் செடியை மொட்டையாக்கிவிடும். இப்போது ரசத்துக்கு இலை கடையில் வாங்குவதில்லை. ஆள் கை படாத உயரம் என்பதால் விட்டிருக்கிறேன். கதவு நிலையில் கட்டியிருந்தால் எடுக்கத்தான் சொல்லியிருப்பேன்.

நாலாவது மாடி (செவ்வாய், இரவு 10.15)

எடுத்தாயிற்று. மூன்று இடத்தில் விசாரித்தேன், இரண்டு பேர் பகலில்தான் வருவோம் என்றார்கள். மூன்றாவது நிறுவனம் இரவு எட்டு மணிக்கு, 180 வெள்ளிக்கு ஒத்துக்கொண்டது. மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடு மூன்றிலும் முன்கூட்டியே சொல்லிச் சன்னலைச் சாத்தச் சொன்னோம். பையனை என் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

இரண்டு பேர் வந்தார்கள். பெரியவர் காரைக்குடிக்காரராம், உடுப்பை மாட்டும்போதே மாமியாரோடு ஊர்க்கதை. வீட்டில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். கைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தார், சிவப்பு அவற்றுக்குச் சரியாகத் தெரியாதாம். இடுப்புக் கயிற்றை உள்ளே நின்ற ஆள் பிடித்துக்கொண்டார். வாசல் ஓட்டைக்குள் குழாயை வைத்து மருந்துத் தூளைச் செலுத்தினதும் உள்ளே இருந்து ஒரு சத்தம், மூடிய பாத்திரத்தில் எண்ணெய் பொரிகிற மாதிரி. சாத்திய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களுக்கே கேட்டது. கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. பிறகு அடியோடு பெயர்த்துப் பையில் போட்டுக் கட்டினார்.

இரவு வெளியே தங்கிவிட்ட ஒன்றிரண்டு இரண்டு நாளைக்குச் சுற்றும், சன்னலைத் திறக்காதீர்கள், துணியை உள்ளேயே காயவையுங்கள் என்றார். இடத்தைத் துடைத்து மருந்தும் தடவியிருக்கிறார்.

மூங்கில் கம்பையும் பார்த்தேன். நகத்தால் கீறியதுபோல வெள்ளை வெள்ளையாக நீளக் கோடுகள், ஒரு பக்கம் முழுக்க. இத்தனை நாள் கம்பு பழசாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். கணவரின் மோதிரத்தைச் சனிக்கிழமையே சோப்புப் போட்டு ஒருவழியாகக் கழற்றினோம், இரவுப் பணி அக்காவுக்கு நன்றி. ஏசிக்காரர் அடுத்த வாரம் வருகிறார்.

மண்கூட்டை விட்டுவிட்டேன். இன்று காலை அதில் பென்சில் முனை அளவுக்கு வட்டமாக ஒரு துளை. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

செம்பவாங் ராசா

வாழ்த்துக்கள்லா.