ஜெர்மனி வந்து 12 நாளாச்சு, வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்

உசிலம்பட்டிப் பொண்ணு: அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். 14 நாளைக்குள்ள அன்மெல்டுங் பண்ணணுமாம், அதான் விலாசத்தைப் பதியுறது. அதுக்கு, நான் இங்க குடியிருக்கேன்னு வீடு கொடுத்தவர் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டுத் தரணும். அவரைக் கேட்டா, “அதெல்லாம் எதுக்கு, பேசாம இரும்மா”ங்கிறார். திருப்பி அனுப்பிருவாங்களா? நேத்திலருந்து சோறு இறங்கல. அம்மாகிட்டச் சொன்னா அழுதுரும்.

மேலூர் மாப்ள: தங்கச்சி, ஜாக்கெட் வாங்கிட்டியா? நான் 2014 ஜனவரியில மதுரை வெயில்ல போடுற சட்டையோட வந்து இறங்குனவன். ஒரு ரூம்ல ஆறு பேரு, ஒரே குக்கர். நான் கரி பிடிச்ச அடிச்சோறு தின்னே மூணு மாசம் ஓட்டுனேன்.

அரசரடி அக்கா: அந்தப் புள்ள ஜாக்கெட்டா கேட்டுச்சு? ஏம்மா, எந்த ஊரு, வேலையா படிப்பா, முழு வீடா ஒரு ரூமா, ஒண்ணுமே சொல்லலையே. 14 நாளைக்கெல்லாம் பயப்படாத. நான் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் போனேன், ஒருத்தரும் கேக்கல.

செல்லூர்க்காரன்: அக்கா, உங்களைக் கேக்கலைன்னா அது உங்க அதிர்ஷ்டம். 1000 யூரோ வரைக்கும் அபராதம் போடச் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா இதுக்காக யாரையும் நாடு கடத்த மாட்டாங்க. சாப்பிடும்மா.

மேலூர் மாப்ள: என்னத்தச் சட்டம். இந்த நாட்டுல 1972லருந்து வருஷா வருஷம் பிறப்பை விடச் சாவுதான் அதிகம். வெளிய இருந்து ஆள் வரலைன்னா ஆஸ்பத்திரியில ஊசி போட ஆள் இருக்காது. வா வான்னு கூப்பிட்டுட்டு வந்தவன்கிட்டப் பேப்பர் கேட்டுக் கொல்றது.

வாடிப்பட்டி வாத்தியார்: நம்ம பக்கம் மட்டும் என்ன வாழுதாம்? உலகத்துல 800 கோடிப் பேருன்னு 2022 நவம்பர்ல சொன்னாங்க, அடுத்த வருஷமே நாம சீனாவை முந்திட்டோம். எங்க தெருவுல வந்து பாருங்க, ஏழு வீட்டுல நாலு பூட்டு. தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்குச் சராசரியா ரெண்டு பிள்ளைகூட இல்ல. அங்கிட்டு நீங்க போறீங்க, இங்கிட்டு ஒடிசாவிலருந்து பையன் வந்து கீழவாசல்ல பரோட்டா வீசுறான். அவன்கிட்டயும் ஆதார் இல்லாம ரூம் தர மாட்டேங்கிறாங்க.

மேலூர் மாப்ள: எங்க அப்பத்தா சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போனப்ப மண்டபம் கேம்ப்ல நாள் கணக்கா உக்கார வச்சு, நோய் இருக்கான்னு பாத்துத்தான் கப்பல் ஏத்துனாங்களாம். பிறகு 1964ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்குத் திரும்பணும்னுட்டாங்க. அதுல அப்பத்தாவும் ஒண்ணு. ஒரு தகரப்பெட்டியோட வந்துச்சு.

அரசரடி அக்கா: கதை நல்லாத்தான் இருக்கு. அந்தப் புள்ள எங்க?

உசிலம்பட்டிப் பொண்ணு: இருக்கேன்க்கா. ஸ்டுட்கார்ட், ஐடி வேலை. ரூம் கொடுத்தவர் நம்ம பக்கத்துக்காரர்தான். அவரும் வாடகைக்குத்தான் இருக்கார். மூணு மாசம் ஊருக்குப் போறதால எனக்கு விட்டுட்டுப் போறார். முதல் அஞ்சு நாள் ஓட்டல்ல இருந்தேன்.

செல்லூர்க்காரன்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல! 14 நாள்ங்கிறது நீ வீட்டுல குடி புகுந்த நாள்லருந்து. உனக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. அவர் பயப்படுறது அரசாங்கத்துக்கு இல்ல, வீட்டு ஓனருக்கு. உள்வாடகைக்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டார். ஆனா அந்தப் பேப்பர்ல அவரே கையெழுத்துப் போடலாம், ஓனர்தான் போடணும்னு இல்ல. கொடுக்க வேண்டியது அவர் கடமை. அப்பவும் மாட்டேன்னா, பதிவு ஆபீஸ்ல நீயே போய்ச் சொல்லிரணும். வாடகை அனுப்புன ரசீது, அவர் போட்ட மெசேஜ் எல்லாம் எடுத்து வை. அப்பாயின்ட்மென்ட் இன்னைக்கே போடு. காசுக்கு விலாசம் தர்றேன்னு வர்றவன்கிட்ட மட்டும் போயிராத, குடியிருக்காத வீட்டு விலாசத்தைக் கொடுக்குறவனுக்கு 50,000 யூரோ வரைக்கும் அபராதம் இருக்கு. பதிஞ்ச பிறகு வரி நம்பர் தபால்லதான் வரும். தபால்பெட்டியில உன் பேரு இல்லைன்னா தபால்காரர் திருப்பிக் கொண்டு போயிருவார்.

உசிலம்பட்டிப் பொண்ணு: இப்பத்தான் கீழ போய்ப் பாத்தேன்ண்ணே. பெட்டியில அவர் பேரே இல்ல. முல்லர்னு இருக்கு.

அரசரடி அக்கா: ஆத்தி! முல்லர் யாரு?

செல்லூர்க்காரன்: அப்ப இவரே உள்வாடகைக்கு உள்வாடகை. அவர் விமானம் ஏறுறதுக்குள்ள இன்னைக்கு ராத்திரியே கையெழுத்தை வாங்கு. அப்படியே ஒரு டேப்பும் பேனாவும் எடுத்துட்டு கீழ போ, முல்லருக்குக் கீழ உன் பேரை ஒட்டு.