புதுப்பிப்பு: ஃபியூச்சர்பாப் ஆல்பங்களை மூன்று வாரம் கேட்ட பிறகு

ஃபியூச்சர்பாப் என்ற மின்னணு இசை வகையை எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னதில் மூன்றைத்தான் முழுசாகக் கேட்டேன். வி.என்.வி. நேஷன் குழுவின் 'எம்பயர்ஸ்' (1999) என்னை விடவே இல்லை. கீழே அதிரும் தாளத்தில் இபிஎம் எனும் கறாரான மின்னணு நடன இசையின் முறுக்கு. மேலே மிதக்கும் சின்தசைசர் மெட்டு டிரான்ஸ் எனும் இன்னொரு மின்னணு நடன இசையிலிருந்து வந்தது. நடுவே ரோனன் ஹாரிஸ் கத்தாமல், நேராகப் பாடுகிறார். துக்கமும் நம்பிக்கையும் ஒரே பாட்டில் இப்படி ஒட்டி நின்று நான் கேட்டதில்லை. இரவில், ஹெட்போனில் கேளுங்கள்.

அப்புறம் நார்வேயின் அபாப்டிக்மா பெர்செர்க், 'வெல்கம் டு எர்த்' (2000). நன்றாக இருந்தது, எனக்குக் கொஞ்சம் இனிப்பு அதிகம். அதே ஆண்டு ஸ்வீடனின் கவனன்ட் வெளியிட்ட 'யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் மைண்ட்' குளிர்ந்த ஆல்பம். இரண்டாம் முறைதான் பிடிபட்டது.

ஒரு திருத்தம். 'ஃபியூச்சர்பாப்' என்ற பெயரை ஜெர்மன் பத்திரிகைகள் வைத்ததாக எழுதியிருந்தேன். தவறு. ஹாரிஸும் அபாப்டிக்மாவின் ஸ்டெஃபான் க்ரோத்தும்தான் அதற்குக் காரணம்.

சரி, அடுத்து பெல்ஜியத்தின் ஃப்ரண்ட் 242. 'ஃப்ரண்ட் பை ஃப்ரண்ட்' (1988) இன்றிரவு.