மே மாச வாரத்தைக் கொடுத்துட்டு புரட்டாசியில கடல் பார்த்தோம்: டைம்ஷேர் எக்ஸ்சேஞ்ச் அனுபவங்கள்

சந்தூர் மாந்தோப்பு

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு தம்பி கேட்டிருந்தார், "டைம்ஷேர் பாயிண்டை வெச்சு வெளி ரிசார்ட்லயும் தங்கலாம்னு சொல்றாங்களே, நிஜமாவே நடக்குதா?"ன்னு. நடக்குது தம்பி. (தெரியாதவங்களுக்கு: டைம்ஷேர்னா ஒரு ரிசார்ட் கிளப்புக்குப் பணம் கட்டி மெம்பர் ஆகி, வருஷா வருஷம் சில ராத்திரி அங்க தங்கற உரிமை.) எனக்கு முதல் நாலு வருஷம் நடக்கல, அஞ்சாவது வருஷம் நடந்தது. ரெண்டுக்கும் காரணம் இருக்கு, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதறேன்.

எங்களுக்கு சந்தூர் பக்கம் மாந்தோப்பு. மே மாசம் செந்தூரா, அல்போன்சா இறங்கும். அதுக்கப்புறம் ஜூலை வரைக்கும் பெங்களூரா மாங்கா, மாங்கூழ் ஆலைக்கு லோடு போகணும். ஆலை வாசல்ல டிராக்டர் வரிசையில நிக்கிற நாள்ல வீட்ல யாரும் ஊருக்குப் போற பேச்சே எடுக்க மாட்டாங்க. இப்படி இருக்கிற நான் பெங்களூருல ஒரு ஓட்டலுக்குக் கூப்பிட்டு வெச்சு வித்த கூட்டத்துல உச்ச சீசன் மெம்பர்ஷிப்பை வாங்கிட்டு வந்தேன். "பசங்களுக்கு மே மாசம்தானே சார் லீவு?"ன்னு கேட்டாங்க, ஆமாங்கன்னேன். பழம் இறங்குறதும் அதே மாசம்தான்னு அந்த ஏசி ரூம்ல தோணவே இல்லை. 25 வருஷத்துக்கு, வருஷம் 7 ராத்திரி. போனாலும் போகாட்டியும் வருஷ சந்தா கட்டணும், அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நாலு வருஷம் இப்படியே கட்டினேன். ஒரே ஒரு தடவை ஏற்காடு போய் மூணு நாள் இருந்துட்டு வந்தோம்.

எக்ஸ்சேஞ்ச்ங்கறது என்னன்னு எனக்குப் புரிய வெச்சது பர்கூர்ல ஜவுளிக்கடை வெச்சிருக்கற என் மச்சான். "மாமா, இது மொய் மாதிரி. நீங்க எழுதினதுக்குத் தக்கபடிதான் உங்களுக்குத் திரும்ப வரும். எழுதவே இல்லைன்னா யாரும் எழுத மாட்டாங்க"ன்னு சொன்னான். அதை விடச் சரியா இன்னிக்கு வரைக்கும் எனக்கு யாரும் சொல்லல.

நம்ம கிளப்போட சொந்த ரிசார்ட்ல தங்கறது ஒரு கணக்கு. வெளி ரிசார்ட்ல தங்கறது முழுசா வேற கணக்கு, நடுவுல ஒரு எக்ஸ்சேஞ்ச் கம்பெனி இருக்கு. உலக அளவுல பெரிய பேரு ரெண்டு: ஆர்.சி.ஐ. 1974ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, இன்டர்வெல் இன்டர்நேஷனல் 1976ல. ஆர்.சி.ஐ.யில மட்டுமே ஆயிரக்கணக்கான ரிசார்ட் சேர்ந்திருக்கு. நம்ம நாட்டு கிளப் பலதும் இதுல ஏதாவது ஒண்ணோட ஒப்பந்தம் போட்டிருக்கும். அந்தக் கம்பெனிக்குன்னு தனி ரூம் எதுவும் இருக்கணும்னு இல்லை. யாரோ ஒரு மெம்பர் "இந்த வாரம் எனக்கு வேண்டாம்"னு ஒப்படைச்ச ரூம்தான் பெரும்பாலும் நமக்கு வருது. நம்ம ஒப்படைக்கறது இன்னொருத்தருக்குப் போகுது. வெப்சைட்டுல ரிசார்ட் படம் இருக்குன்னா அங்க நமக்கு ரூம் இருக்குன்னு அர்த்தம் இல்லை, யாராவது போட்டிருந்தாதான் உண்டு. விக்கும்போது காட்டுற தடிப் புத்தகத்துல இந்த விஷயம் இருக்காது.

நாம போடுற வாரத்துக்கு மதிப்பு எப்படி வருதுன்னா: எந்த ஊர், எந்த சீசன், எவ்வளவு பெரிய ரூம், அந்த ரிசார்ட்டுக்குத் தங்கிட்டுப் போனவங்க என்ன மார்க் குடுத்திருக்காங்க, அப்புறம் எவ்வளவு முன்னாடி ஒப்படைக்கறோம். சீசனுக்கு சிவப்பு, வெள்ளை, நீலம்னு நிறம் வெச்சிருப்பாங்க, சிவப்புதான் உச்சம். நம்ம ஊர் கிளப் சிலதுல அதுக்கும் மேல ஊதா உண்டு. கடைசியா சொன்னேனே, எவ்வளவு முன்னாடின்னு, அதுதான் நான் நாலு வருஷமாக் கோட்டை விட்ட இடம். மாங்கா முடிஞ்ச கையோட ஆகஸ்ட்ல போன் பண்ணி "செப்டம்பர்ல கோவா வேணும்"னு கேட்பேன். அதுக்குள்ள அந்த வருஷ மே மாச வாரம் முடிஞ்சே போயிருக்கும், கையில மிச்சம் இருக்கறது யாருக்கும் வேண்டாத வாரம். அதைப் போட்டா என்ன வரும்?

அஞ்சாவது வருஷம் மாத்திச் செஞ்சேன். ஆகஸ்ட்லயே அடுத்த வருஷ மே மாசத்துக்கு ஒரு மலை ரிசார்ட்ல ஒரு வாரம் பதிவு பண்ணி, அந்தப் பதிவை அப்படியே எக்ஸ்சேஞ்சுக்கு ஒப்படைச்சுட்டேன். ஒன்பது மாசம் முன்னாடியே போட்டதால மதிப்பு குறையல. மே மாசம் மலைக்குப் போக ஊரே அடிச்சுக்குது, நம்மால போக முடியாத அதே வாரம்தான் சந்தையில தங்கம். பதிலுக்கு நான் கேட்டது காலாண்டு லீவுல கோவா. அப்ப அங்க மழை முடியற நேரம், கூட்டம் குறைவு, அதனால வாங்கினது நாங்க போட்டதை விடச் சின்ன மதிப்பு. மீதி எங்க கணக்குலயே வரவு வந்தது. அதை வெச்சு அடுத்த வருஷம் இன்னொரு நாலு ராத்திரி கிடைச்சது. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் மட்டும் ஒவ்வொரு தடவையும் தனி. சந்தாவுலயே அடங்கும்னு விக்கும்போது சொன்னாங்கன்னா நம்பாதீங்க.

ஹூப்ளி வழியா கார்லயே போனோம். ரூமைத் திறந்ததும் ஒரு பையன் அட்டையில ஒரு தாளைக் கிளிப் போட்டு எடுத்துட்டு வந்து தட்டு ஆறு, கரண்டி ஆறு, கண்ணாடி டம்ளர் ஆறுன்னு ஒவ்வொண்ணா எண்ணிக் காட்டி கையெழுத்து வாங்கினான். இந்த மாதிரி ரிசார்ட்ல சின்னதா ஒரு சமையல் இடம் இருக்கும். எங்களுக்கு அதுதான் பெரிய உதவி, ஏன்னா அது புரட்டாசி, அம்மா வெளியில எதையும் தொட மாட்டாங்க. ஊர்லேர்ந்து கேழ்வரகு மாவும் அலுமினியக் குண்டாவும் எடுத்துட்டு வந்திருந்தாங்க. அங்க இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. குண்டாவை வெச்சா அடுப்பு மூணு தடவை கத்திட்டு அணைஞ்சுடுச்சு, அலுமினியம் அதுக்கு ஆகாது. அங்கயே இருந்த எவர்சில்வர் பாத்திரத்துல, துடுப்புக்கு பதிலா மரக் கரண்டியை வெச்சு, அம்மா களி கிண்டினாங்க. ஜன்னலுக்கு வெளியில மழை, அதுக்கு அந்தப் பக்கம் கடல். அம்மா 63 வயசுல முதல் தடவையா கடலைப் பார்க்கறாங்க. உருண்டையை உருட்டி வெச்சுட்டு சாப்பிடாம வெளியவே பார்த்துட்டு நின்னாங்க.

மத்தவங்களும் உங்க அனுபவத்தை எழுதுங்க, நல்லதோ கெட்டதோ.

பென்னாகரம் டீச்சர்

அண்ணா, அம்மா கடல் பார்த்ததைப் படிச்சதும் மனசு நிறைஞ்சது. என்னோடதையும் சொல்றேன், இதைப் படிக்கறவங்க ஆள் கணக்கை மட்டும் கவனமாப் பாருங்க.

எங்களோடது ஸ்டூடியோ வகை, அதாவது ஒரே ரூம். நானும் வீட்டுக்காரரும், ரெண்டு பசங்க, மாமியார், நாத்தனார் பொண்ணு, ஆக ஆறு பேர். எங்க கிளப் ரிசார்ட்ல ஒரு தடவை கூடுதல் மெத்தைக்குப் பணம் கட்டி சமாளிச்சோம். அதே நினைப்புல எக்ஸ்சேஞ்ச்ல மூணார்ல ஒரு ரிசார்ட்டுக்குப் போனோம். உறுதிச் சீட்டுல "அதிகபட்சம் 4 பேர்"னு அச்சடிச்சிருந்தது. நான் அதைப் பார்த்தேன், பெருசா எடுத்துக்கல. வரவேற்புல இருந்த பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சு, ஆனா அஞ்சாவது ஆளையே உள்ள விடல. எக்ஸ்சேஞ்ச்ல வர்றவங்களுக்கு அந்த எண்ணிக்கை கண்டிப்பாம், கூடுதல் மெத்தை கிடையாதாம். ராத்திரி ஏழு மணிக்கு, குளிர்ல, மாமியாரை கார்ல உட்கார வெச்சுட்டு வெளியில இன்னொரு லாட்ஜ் தேடினோம். ரெண்டு பாதியா பிரிஞ்சு தங்கினதுல பசங்களுக்கு அந்தப் பயணமே பிடிக்காம போச்சு.

இன்னொண்ணு. எக்ஸ்சேஞ்ச்ல நிறைய இடத்துல வெள்ளி, சனி, ஞாயிறுலதான் உள்ளே நுழையற நாள், அதுலேர்ந்து ஏழு ராத்திரி. எங்களை மாதிரி பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கறவங்களுக்கு லீவு செவ்வாய்க்கிழமை ஆரம்பிச்சா கணக்கு இடிக்கும். பாயிண்ட் முறையில சில இடத்துல ரெண்டு மூணு ராத்திரியும் எடுக்கலாம், அதை முன்னாடியே கேட்டு வெச்சுக்கணும்.

ஓசூர் நைட் ஷிப்ட்

மாந்தோப்பு அண்ணா சொன்னதோட பாயிண்ட் முறையைச் சேர்த்துக்கறேன், என்னோடது அதுதான்.

இதுல வாரத்துக்கு பதிலா வருஷா வருஷம் இத்தனை பாயிண்ட்னு கணக்குல ஏறும். ஒவ்வொரு ரிசார்ட்டுக்கும் ரூம் அளவு, சீசனைப் பொறுத்து ஒரு பாயிண்ட் விலை. இந்த வருஷம் செலவழிக்கலைன்னா அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம், பத்தலைன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து முன்கூட்டியே எடுக்கலாம். எத்தனை வருஷம் தள்ளலாம், அதுக்குத் தனிக் கட்டணமான்னு ஒப்பந்தத்துல பாருங்க. எடுத்துட்டு அடுத்த வருஷம் சந்தா கட்டாம விட்டா, உறுதியான பதிவையும் ரத்து பண்ணிடுவாங்க.

நான் ரெண்டு வருஷப் பாயிண்டைச் சேர்த்து டிசம்பர் கடைசி வாரம் கோவா வாங்கினேன். ஷிப்ட் மாத்தி, மேனேஜர்கிட்ட ஆறு மாசம் முன்னாடியே சொல்லி வாங்கின லீவு. ரூமுக்குக் காசு கிடையாதுங்கற நினைப்புலதான் போனேன். அங்க போனதும் 31ஆம் தேதி ராத்திரி விருந்து கட்டாயம், ஒரு ஆளுக்கு இவ்வளவுன்னு சொன்னாங்க. சாப்பிடலைன்னாலும் கட்டணும். நாலு பேருக்கு அந்தத் தொகை என் அரை மாசச் சம்பளத்தைத் தாண்டுச்சு. உறுதிச் சீட்டோட ரெண்டாவது பக்கத்துல சின்ன எழுத்துல அது இருந்தது, நான் முதல் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துட்டுப் போயிருந்தேன். வெளிநாட்டுல சில ரிசார்ட்ல வருஷம் பூராவுமே மூணு வேளைச் சாப்பாடும் சேர்த்துக் கட்டாயக் கட்டணம் இருக்கும், தேடும்போதே அந்தக் குறிப்பு தெரியும். அது இருக்கற ரிசார்ட்டை நான் இப்பத் தொடறதே இல்லை.

அப்பா அம்மாவை மட்டும் அனுப்பறதா இருந்தா, நம்ம பதிவுல அவங்க தங்கறதுக்கான விருந்தினர் சான்றிதழ் வாங்கணும். ஆதார்ல இருக்கற பேரும் அதுல இருக்கற பேரும் ஒண்ணா இருக்கட்டும். எங்க அப்பாவுக்கு ஆதார்ல இன்ஷியல் விரிச்சு எழுதியிருக்கு, அதுக்கே ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டாங்க.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்க. அந்த வருஷச் சந்தா, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், அங்க போய்க் கட்டறது எல்லாத்தையும் கூட்டி ஏழால வகுத்தா ஒரு ராத்திரிக்கு என்னன்னு வரும். அதே தேதிக்கு அதே ஊர்ல நல்ல ஓட்டல் வாடகை அதை விடக் குறைவா இருந்தா, பாயிண்டைத் தள்ளி வெச்சுட்டு ஓட்டலுக்கே போறேன்.

அரூர்க்காரன்

எங்க அப்பா வாங்கி வெச்சது. அவர் போனதுக்கப்புறம்தான் என் கைக்கு வந்தது. நான் எக்ஸ்சேஞ்ச் பண்ணினதே இல்லை, அதனால வேற ரெண்டு விஷயம்.

ஒரு நாள் போன். "உங்க டைம்ஷேரை நாலு லட்சத்துக்கு வாங்க பார்ட்டி ரெடி சார், மாத்துற செலவுக்கு மட்டும் 22,000 முன்பணம் போடுங்க." அப்பாவோட மெம்பர் நம்பர் வரைக்கும் சரியாச் சொன்னாங்க. அனுப்பிட்டேன். அடுத்த வாரம் ஜி.எஸ்.டி.க்குன்னு இன்னும் கேட்டாங்க, அப்பதான் புத்தி வந்து நிறுத்தினேன். போனது போனதுதான். முன்பணம் கேக்கற எவனும் வாங்கறவன் இல்லைங்க. பணம் போன உடனே 1930ங்கற சைபர் மோசடிப் புகார் நம்பருக்கு சொல்லியிருக்கணுமாம், எனக்கு அப்பத் தெரியல.

ரெண்டாவது, கிளப்போடயே தகராறுன்னா, ஆபீஸ் மும்பையிலயோ சென்னையிலயோ இருக்கு, நாம எங்க போய் வழக்கு போடறதுன்னு விட்டுடாதீங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம குடியிருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம். கட்டின தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தா மனுக் கட்டணமே கிடையாது. பிரச்சினை வந்த நாள்லேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். அதுக்கு முன்னாடி 1915ங்கற தேசிய நுகர்வோர் உதவி நம்பருக்கு போன் பண்ணிப் பார்க்கலாம். தமிழ்லயே பேசலாம். விக்கும்போது வாயால சொன்னதை நிரூபிக்கறது கஷ்டம், எழுத்துல வாங்கினதுதான் கை கொடுக்கும். என் சொந்தக்காரர் ஒருத்தர் வித்த ஆளோட வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காம வெச்சிருந்தார், அதுதான் அவருக்கு உதவுச்சு.

சந்தூர் மாந்தோப்பு

அரூர் தம்பி, அப்பா நினைவா இருக்கறதை இப்படி ஏமாத்திட்டாங்களேன்னு வருத்தமா இருக்கு. மெம்பர்ஷிப்பை முதல்ல உங்க பேருக்கு மாத்துங்க. வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் ரெண்டும் கேட்பாங்க. அது முடிஞ்சாதான் எக்ஸ்சேஞ்ச் கணக்கைத் திறக்க முடியும்.

டீச்சர், ஆறு பேருன்னா ஸ்டூடியோவைக் கொடுத்து ரெண்டு பெட்ரூம் கேக்கறது உச்ச சீசன்ல கஷ்டம்தான். ரெண்டு வருஷ வாரத்தை ஒண்ணாச் சேர்த்துப் போட வழி இருக்கான்னு கேட்டுப் பாருங்க, ஆர்.சி.ஐ.யில அப்படிச் சேர்க்கறது உண்டு, அதுக்கும் ஒரு கட்டணம். கூட்டம் இல்லாத மாசம்னா ஸ்டூடியோவுக்கே பெரிய ரூம் விழறதும் உண்டு, காலாண்டு லீவுல தேடிப் பாருங்க.

இன்னிக்குக் காலையில கடைசி லோடு பெங்களூரா ஆலைக்குப் போச்சு. வேன் கிளம்பினதும் கிணத்தடியில உட்கார்ந்து அடுத்த மே மாசத்துக்கு வாரத்தைப் பதிவு பண்ணிட்டேன், நாளைக்கு ஒப்படைக்கணும். அம்மா இந்தத் தடவையும் கடல்தான் வேணும்கறாங்க.