ஐரோப்பாவில் குடும்பத்தோடு தங்க அறை: விலைக்கு முன்னால் தலைக்கணக்கு

பாரிஸ், சுவிஸ், வெனிஸ், ரோம் என்று இரண்டு வாரம் கிளம்பும் குடும்பங்கள் பெரும்பாலும் விலையை வைத்துத்தான் அறை தேடுகிறார்கள். தலைக்கணக்கை வைத்துத் தேடினால் பாதிச் சிக்கல் வராது. நம் ஊரில் இரண்டு பேர் அறையை எடுத்துவிட்டு, போன பிறகு "ஒரு எக்ஸ்ட்ரா பெட் போடுங்க" என்றால் வேலை முடிந்தது. அங்கே ஓர் அறையில் எத்தனை பேர் தூங்கலாம் என்பது தீப் பாதுகாப்பையும் கணக்கில் கொண்டு வைத்த எண். இரண்டு என்றால் இரண்டுதான். மூன்றாவது ஆள் ஆறு வயதுக் குழந்தை என்றாலும், ரிசப்ஷனில் இருப்பவர் நினைத்தாலும் மாற்ற முடியாது. கையில் இன்னோர் அறை காலியாக இருந்தால் அன்றைய விலைக்குத் தருவார், இல்லையென்றால் அதுவும் இல்லை.

எனவே தேடும்போதே எல்லாக் குழந்தைகளையும் போடுங்கள், வயதோடு. புக் செய்யும் நாளில் உள்ள வயது அல்ல, தங்கும் நாளில் உள்ள வயது. இடையில் பிறந்தநாள் வந்து 11 வயது 12 ஆகிவிட்டால் பல ஹோட்டல்களில் அது பெரியவர் கணக்கு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொட்டில் பெரும்பாலும் இலவசம். ஆனால் அறைக்கு ஒன்றுதான், அதுவும் முன்கூட்டிக் கேட்டால்தான்.

"குழந்தையைச் சொல்லாமல் கூட்டிப் போய்விடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். இத்தாலியில் தங்கும் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் விவரமும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குப் போயாக வேண்டும், குழந்தை உட்பட. கவுன்ட்டரில் எல்லாப் பாஸ்போர்ட்டையும் கேட்பது அதற்காகத்தான்.

* * *

இதோடு அறைப் பெயர்களையும் தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. சின்ன ஹோட்டல்களின் சொந்தத் தளங்களில் ஆங்கிலம் சரியாக இருக்காது.

இத்தாலியில் 'மாட்ரிமோனியாலே' என்றால் ஒரே பெரிய கட்டில். 'தோப்பியா' இரண்டு பேருக்கானது, பெரும்பாலும் தனித்தனிக் கட்டில். 'த்ரிப்லா' மூன்று பேர், 'க்வாத்ருப்லா' நான்கு பேர். நான்கு பேர் குடும்பம் தேட வேண்டிய சொல் இந்தக் கடைசிச் சொல். ஜெர்மன் பேசும் பகுதிகளில் 'ஃபமிலியன்ஸிம்மர்' என்று தேடுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸில் இரட்டைக் கட்டில் என்பது பெரும்பாலும் ஒரே சட்டத்துக்குள் 90 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு மெத்தை, ஆளுக்கொரு தனிப் போர்வை. நடுவில் ஒரு பிளவு இருக்கும். சின்னக் குழந்தையை நடுவில் படுக்க வைத்தால் ராத்திரி முழுக்க அந்தப் பிளவுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சுவர் ஓரமாகப் படுக்க வைப்பது மேல்.

சோஃபா பெட் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பாரிஸ் நடுவில் அறை 14, 15 சதுர மீட்டர் என்பது சாதாரணம். நம் கணக்கில் 150, 160 சதுர அடி, குளியலறையும் அதற்குள்ளேயே. பகலில் எடுத்த படத்தில் சோஃபா அழகாக இருக்கும். ராத்திரி அதை விரித்தால் அதன் கால்மாடு பெரிய கட்டிலைத் தொட்டு நிற்கும். குளியலறைக் கதவு பாதிதான் திறக்கும். இரண்டு பெரிய சூட்கேஸை விரித்து வைக்க இடமே இருக்காது. பாத்ரூமுக்கு எழுந்து போகும் பாட்டி பேரனைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு பேருக்கு 22 சதுர மீட்டருக்குக் குறைந்த அறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பரப்பளவு போடாத அறையாக இருந்தால் எழுதிக் கேளுங்கள். சோஃபாவின் அகலமும் முக்கியம்: 140 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு குழந்தைகள் படுக்கலாம், 120 என்றால் ஒருவர்தான்.

* * *

ஹோட்டலுக்கு எழுதும் மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். தேதி, புக்கிங் எண், பெரியவர் எத்தனை, குழந்தைகளின் வயது. பிறகு மூன்றே கேள்வி. இந்த அறையில் எங்கள் அத்தனை பேருக்கும் அனுமதி உண்டா? கட்டில் ஒவ்வொன்றும் என்ன அளவு? புக்கிங் விலைக்கு மேல் அங்கே வந்து என்ன கட்ட வேண்டும்? பதிலை ஃபோனில் சேமித்து வையுங்கள். கவுன்ட்டரில் வேறு ஆள் இருந்தாலும் அதைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு அறை எடுப்பவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். 'கனெக்டிங்' என்றால் இரண்டு அறைக்கும் நடுவில் கதவு உண்டு. 'அட்ஜாயினிங்' என்றால் பக்கத்து அறை, அவ்வளவுதான். சில இடங்களில் அது எதிர் அறையாகவும் இருக்கும். கனெக்டிங் அறை பல தளங்களில் வெறும் 'வேண்டுகோள்' பெட்டியில்தான் போகிறது, உறுதி கிடையாது. ஹோட்டலே எழுத்தில் உறுதி தந்தால் மட்டும் நம்புங்கள். இன்னொன்று: இரண்டு அறையையும் தேடல் இயந்திரம் 'பெரியவர் 2' 'குழந்தை 2' என்று பிரித்துப் போட்டால், குழந்தைகள் மட்டும் தங்கும் அறையாகி புக்கிங் செல்லாமல் போகும். ஒவ்வோர் அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும்.

சங்கிலி ஹோட்டல்களில் நோவோடெல்லில் பெற்றோர் அறையில் 16 வயதுக்குட்பட்ட இரண்டு குழந்தைகளுக்குத் தங்குவதும் காலை உணவும் இலவசம். நான்கு பேர் காலை உணவைக் காசாகக் கணக்கிட்டுப் பார்த்தால், பார்வைக்கு விலை கூடிய இந்த அறை சில ஊர்களில் மலிவாக முடியும். ஜெர்மனியின் யூகெண்ட்ஹெர்பெர்கே (யூத் ஹாஸ்டல்), சுவிஸின் யூத் ஹாஸ்டல்கள் இரண்டிலும் குடும்ப அறை உண்டு. அடுக்குக் கட்டில்தான், ஆனால் சுத்தம். ஜெர்மனியில் உறுப்பினர் அட்டை தேவை. சுவிஸில் அட்டை இல்லாதவர்கள் இரவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டித் தங்கலாம். 'யூத்' என்ற பெயரைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள்.

* * *

ஐந்து பேர் என்றால் என் வாக்கு சமையலறை உள்ள அபார்ட்-ஹோட்டலுக்குத்தான். ஹோட்டலில் ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைப்பது அபூர்வம். அடாஜியோ, சிட்டாடின் போன்றவற்றில் இரண்டு அடுப்பு, மைக்ரோவேவ், சின்ன ஃபிரிட்ஜ், தட்டு, பாத்திரம் இருக்கும். மூன்று நாளுக்கு மேல் தங்கும் ஊரில் மட்டும் இதைப் பாருங்கள். ஒரு ராத்திரிக்குச் சமையலறை வீண்.

பாத்திரம் கொண்டு போகிறவர்கள் காந்தத்தை அடியில் ஒட்டிப் பாருங்கள். அடுப்பு இண்டக்‌ஷனாக இருந்தால் அலுமினிய குக்கர் சூடாகாது. தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து, புகைபோக்கியை ஓடவிட்டு, மிளகாயைக் கருகவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை அலாரம் கட்டிடம் முழுக்க அடிக்கும். சாதாரண ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைப்பதைப் பல இடங்களில் விதியே தடை செய்கிறது. மின்சாரம் நம் ஊர் போல 230 வோல்ட்தான், பிளக்தான் வேறு. சுவிஸுக்கும் இத்தாலிக்கும் தனித்தனி வடிவம் உண்டு. மெல்லிய இரண்டு முள் பிளக் மட்டும் இரண்டிலும் போகும்.

நெய், பால் பவுடர் வேண்டாம். பால், இறைச்சிப் பொருள்களை வெளிநாட்டிலிருந்து பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை இருக்கிறது, கைக்குழந்தைக்கான பால் மாவுக்கு விலக்கு உண்டு. கறிவேப்பிலையும் கூடாது. பாரிஸில் தங்குபவர்களுக்குக் கவலையில்லை, லா ஷப்பேல் மெட்ரோவில் இறங்கினால் ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலை, அரிசி, இடியாப்ப மாவு எல்லாம் கிடைக்கும். அங்கிருந்து கார் து நோர் ரயில் நிலையம் நடந்து போகும் தூரம்தான். ஜெர்மனி, சுவிஸில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைதான் கதி. சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வையுங்கள்.

* * *

பணக் கணக்கு. புக்கிங் விலைக்கு மேல், தங்குபவர்களிடம் நகராட்சி வாங்கும் ஊர் வரி தனி. ரோமில் மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு, இரவுக்கு 6 யூரோ, நான்கு நட்சத்திரத்தில் 7.50. பத்து வயதுக்குக் கீழே கிடையாது. பெரியவர் மூவர், 12 வயதில் ஒருவன், 5 வயதில் ஒருத்தி என்றால் கட்டுபவர் நால்வர்: மூன்று நட்சத்திரத்தில் மூன்று இரவுக்கு 72 யூரோ. பெரும்பாலும் அங்கேயே கட்டச் சொல்வார்கள், சில இடங்களில் ரொக்கமாக. பாரிஸில் 18 வயதுக்குட்பட்ட எவருக்கும் இந்த வரி இல்லை. ஆம்ஸ்டர்டாமில் தலைக்கணக்கு இல்லை, அறை விலையில் 12.5 சதவீதம். அறை விலை ஏற ஏற வரியும் ஏறும்.

சுவிஸில் கட்டும் வரிக்கு ஈடாக ஒன்று திரும்பக் கிடைக்கிறது. பாசல், பெர்ன், இன்டர்லாக்கன் போன்ற ஊர்களில் தங்குபவர்களுக்கு விருந்தினர் அட்டை தருவார்கள், உள்ளூர்ப் போக்குவரத்து இலவசம். கொடுக்க மறந்தால் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொருவருக்கும் ஒன்று.

கார்டில் ஒரு பொறி உண்டு. செக்-இன் செய்யும்போது சில ஹோட்டல்கள் ஒரு தொகையைப் பிடித்து வைக்கும். கிரெடிட் கார்டில் அது லிமிட்டில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் ஃபோரெக்ஸ் கார்டில் அது உங்கள் உண்மைப் பணம். செக்-அவுட் ஆன பிறகும் பல நாள் திரும்பாமல் முடங்கிக் கிடக்கும். பிடித்து வைப்பதற்குக் கிரெடிட் கார்டு, செலவுக்கு ஃபோரெக்ஸ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெஷின் 'ரூபாயிலா யூரோவிலா' என்று கேட்டால் யூரோ. ரூபாயை அழுத்தினால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

* * *

விசாவுக்கு அறைகளை எப்படிக் காட்டுவது என்று பலர் குழம்புகிறார்கள். ஒவ்வோர் இரவுக்கும் தங்குமிடம் காட்ட வேண்டும், புக்கிங்கில் குடும்பத்தில் எல்லாருடைய பெயரும் இருப்பது நல்லது. ஒருவர் பெயர் மட்டும் அச்சாகி வந்தால், ஹோட்டலுக்கு எழுதி மற்றப் பெயர்களைச் சேர்த்த கடிதம் வாங்குங்கள். இலவச ரத்து உள்ள அறையாகவே எடுங்கள். விசா வரும் முன் பணம் திரும்பாத அறையை எடுப்பது வேண்டாத துணிச்சல். அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பம். சுவிஸில் ஐந்து, இத்தாலியில் ஆறு என்று இருந்து, பிறகு மலிவு அறை கிடைத்ததென்று இரவுகளை மாற்றினால் விண்ணப்பித்த நாடே மாறிவிடும். முதலில் இரவுகளை முடிவு செய்யுங்கள், பிறகு அறை. ரத்துக் கெடு தேதிகளைக் காலண்டரில் போடுங்கள், அந்தக் கெடு பெரும்பாலும் ஹோட்டல் இருக்கும் ஊர் நேரத்தில் இருக்கும்.

* * *

வெனிஸ்: தீவுக்குள்ளே தங்குவதா, கரையில் உள்ள மெஸ்த்ரேயிலா? முதியவர்களும் பெரிய பெட்டிகளும் உள்ள குடும்பத்துக்கு மெஸ்த்ரே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஹோட்டல்கள்தான் சரி. தீவில் உள்ள சான்தா லூச்சியா நிலையத்துக்கு ரயிலில் சுமார் பத்து நிமிடம், ரயில் அடிக்கடி உண்டு. தீவுக்குள் பாலங்கள் பெரும்பாலும் படிக்கட்டு, 25 கிலோ பெட்டியை ஒவ்வொன்றிலும் தூக்கி இறக்க வேண்டும். ஆனால் ஒரே ஒரு இரவு, கைப்பை மட்டும் என்றால் தீவுக்குள் தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஊரே கண்ணுக்குத் தெரியும். 2024 முதல் குறிப்பிட்ட நாட்களில் பகலில் வந்து போகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் இருக்கிறது. மெஸ்த்ரே உட்பட வெனிஸ் நகராட்சிக்குள் தங்குபவர்களுக்கு விலக்கு. ஆனால் அந்த விலக்கை இணையத்தில் பதிந்து க்யூ.ஆர். குறியீடு எடுத்து வைக்க வேண்டும்.

* * *

யாரும் சொல்லாத சில.

ஏ.சி. இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுவிஸ், ஜெர்மனியில் நிறைய ஹோட்டல்களில் கிடையாது. ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை மாடி உச்சியில் சரிவுக் கூரை அறை கொடுத்தால் குழந்தைகள் தூங்கவே மாட்டார்கள். கீழ்த்தள அறை கேளுங்கள். பழைய கட்டிடங்களில் லிஃப்ட் இருந்தாலும் இரண்டு பேர் நிற்கும் அளவுதான். பெட்டி ஒரு தடவை, ஆள் ஒரு தடவை. சில இடங்களில் லிஃப்டுக்கு ஏறவே பத்துப் படி இருக்கும். பாட்டிக்கு முட்டி வலி என்றால் 'தெருவிலிருந்து லிஃப்ட் வரை படி உண்டா' என்றே கேளுங்கள்.

குளியலறையில் ஷவருக்கும் தொட்டிக்கும் வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. வாளி, மக் எதுவும் கிடையாது. வெளியே ஊற்றினால் கீழ் அறைக் கூரையில் ஒழுகும், பழுதுச் செலவையும் கேட்பார்கள். ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் போட்டுக்கொண்டு, குளியலை தொட்டிக்குள்ளேயே முடிக்கச் சொல்லிக் கொடுங்கள்.

குடும்பமே நடத்தும் சின்ன ஹோட்டல்களில் ரிசப்ஷன் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கே மூடிவிடும். விமானமோ ரயிலோ தாமதமானால் உடனே ஃபோன் செய்யுங்கள். வாசல் சாவிப் பெட்டியின் எண்ணை அனுப்புவார்கள். அந்த எண்ணை ஒரு காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள், பதினொரு மணிக்கு வாசலில் நிற்கும்போது ஃபோனில் சார்ஜ் இருக்காது.