பாபேல் கோபுரமும் நோவாவின் பேழையும்: இரண்டும் கட்டுமானம்தானே, ஒன்று மட்டும் ஏன் பாவம்?

கேள்வி: ஓய்வுநாள்பள்ளி_காரைக்குடி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மே மாதம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 24 பேர். ஆதியாகமம் 1 முதல் 12 வரை எடுத்துக்கொண்டு பெருமையையும் கீழ்ப்படிதலையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாடம் பாபேலில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது.

நோவாவும் கட்டினார், பாபேல்காரர்களும் கட்டினார்கள். அங்கேயும் கீல் (தார் மாதிரிப் பொருள்), இங்கேயும் கீல். எதை வைத்து இரண்டையும் பிரித்துக் காட்டுவது? "வானத்தை அளாவக் கட்டினார்கள், கர்த்தருக்குக் கோபம் வந்தது" என்று நிறுத்தினால், தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடு நிற்கிற சீமை இது, "அப்ப அந்த வீடெல்லாம் பாவமா டீச்சர்?" என்று கேட்பார்கள். அந்த வீடுகளையே உதாரணமாகக் காட்டலாமா, கூடாதா? பாஷை தாறுமாறானது தண்டனை என்றால் தமிழும் தண்டனையில் வந்ததா என்ற கேள்வியும் வரும். கைவேலை ஒன்றும் சொல்லுங்கள். செலவு குறைவாக இருந்தால் நல்லது.

பதில்: எபிரெய_வாசகன்

அக்கா, பாபேலைப் பாபேலில் தொடங்காதீர்கள். ஏதேனில் தொடங்கினால்தான் பெருமை எங்கே முளைக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடும். நம் பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் பொன் மாதிரி வேலை செய்திருக்கிறது. ஆதியாகமம் 2:16, 17 வசனங்களையும் 3:2, 3, 4 வசனங்களையும் பலகையில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். தேவன் சொன்னது: "புசிக்கவே புசிக்கலாம்." ஏவாள் திருப்பிச் சொல்வது: "புசிக்கலாம்." ஒரு "புசிக்கவே" போய்விட்டது, தாராளம் குறைந்துவிட்டது. தேவன் சொன்னது: "சாகவே சாவாய்." அவள் சொல்வது: "சாகாதபடிக்கு." எச்சரிக்கையின் கனம் குறைந்துவிட்டது. நடுவில் தேவன் சொல்லாத ஒன்று, "தொடவும்" வேண்டாம் என்று, கூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் சர்ப்பம் "சாகவே சாவதில்லை" என்கிறது. எபிரெயத்தில் வினையை இரட்டித்து அழுத்திச் சொல்லும் முறை அது. தமிழில் அப்படியே வந்திருக்கிறது. பிள்ளைகளையே வாசிக்கவிட்டு, காணாமல் போன சொல்லைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். "தேவர்களைப்போல் இருப்பீர்கள்" என்ற 3:5 பேச்சு ஏன் எடுபட்டது என்றால், கொடுத்தவர் மேல் இருந்த நம்பிக்கை அதற்குள் இளகியிருந்தது.

காயீனில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஒரே ஒரு விஷயம் போதும். 4:12-இல் "நிலையற்று அலைகிறவன்" ஆவான் என்று தீர்ப்பு. 4:17-இல் அவன் ஒரு பட்டணம் கட்டுகிறான், அதற்குத் தன் மகன் ஏனோக்கின் பேரை வைக்கிறான். கட்டடமும் பேரும் முதல்முதலில் ஒட்டிக்கொள்வது அங்கேதான். இந்தப் "பேர்" என்ற நூலைப் பிடித்துக்கொண்டே போங்கள்: 6:4-இல் "பேர்பெற்ற மனுஷர்", 11:4-இல் "நமக்குப் பேர் உண்டாகப் பண்ணுவோம்", 12:2-இல் ஆபிராமிடம் தேவனே "உன் பேரைப் பெருமைப்படுத்துவேன்" என்பது. பேர் என்பதற்கு எபிரெயச் சொல் "ஷேம்". நோவாவின் மகன் சேமின் பேரும் அதுதான். 10-ஆம் அதிகாரத்தில் சேமின் வம்சம், 11:10-இல் மறுபடியும் சேமின் வம்சம், இரண்டுக்கும் நடுவே பேர் தேடின கோபுரக் கதை. அந்தச் சேமின் வழியில்தான் ஆபிராம் வருகிறான்.

பேழையையும் கோபுரத்தையும் பிரிக்கிற கோடு உயரத்தில் இல்லை. யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். 6:13 முதல் தேவன் பேசுகிறார், அளவு சொல்கிறார், 6:22-இல் "தேவன் தனக்குக் கட்டளையிட்டபடியெல்லாம் அவன் செய்து முடித்தான்." வெள்ளம் முழுக்க நோவா பேசின ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. அவன் வாய் திறப்பது 9:25-இல்தான். பாபேலில் நேர்மாறு: "சுடுவோம் வாருங்கள்", "பேர் உண்டாகப் பண்ணுவோம் வாருங்கள்", ஒரே வசனத்தில் இரண்டு "நமக்கு". தேவனிடம் ஒரு கேள்வி இல்லை. 11:7-இல் தேவன் "நாம் இறங்கிப்போய்" என்கிற இடத்தில் எபிரெயத்தில் அதே "வாருங்கள்" இருக்கிறது. தமிழில் அது விட்டுப்போய்விட்டது, நீங்கள் வாயால் சேர்த்துச் சொல்லுங்கள்.

11-ஆம் அதிகாரம் 4-ஆம் வசனத்தில் பிள்ளைகள் தாண்டிப் போகிற சொல் "சிதறிப்போகாதபடிக்கு." 9:1-இல் கட்டளை "பூமியை நிரப்புங்கள்" என்பது. அதற்குத்தான் கீழ்ப்படியவில்லை. கோபுரம் வெளியே தெரிகிறது, பயம் அடியில் இருக்கிறது.

பாஷை பற்றி: 11-ஆம் அதிகாரத்தில் "சபிக்கப்பட்ட" என்ற சொல்லே கிடையாது. 3:14, 3:17, 4:11, 9:25 ஆகியவற்றில் இருக்கிறது. 10:5, 10:20, 10:31-இல் ஒவ்வொரு வம்சத்துக்கும் பாஷையும் தேசமும் வரிசையாகச் சொல்லும்போது ஒரு குறைச்சொல்லும் இல்லை. அப்போஸ்தலர் 2-இலும் எல்லாரையும் ஒரே பாஷைக்குத் திருப்பவில்லை, அவரவர் பாஷையிலேயே கேட்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காமல் வேலை நின்றதுதான் பாபேலில் விழுந்த அடி. எந்தப் பாஷையும் சாபம் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

பதில்: சாந்தும்_செங்கலும்

வீடுகளைக் காட்டாதீர்கள், அம்மா. முதல் காரணம், அக்கம்பக்கத்தார் வீட்டைக் காட்டி "பெருமை" என்று பிள்ளைகளுக்குச் சொல்வது முறையில்லை. இரண்டாவது, உதாரணமே பொருந்தாது. முகப்பில் இருக்கிற விலாச எழுத்துகள் பாட்டன், தகப்பன் பேரின் முதலெழுத்துகள். வாங்கின பேரைச் சுமப்பது அது. பாபேல்காரர்கள் தங்களுக்குத் தாங்களே உண்டாக்கின பேர் வேறு. அதோடு, இந்த வீடுகளைக் கட்டினவர்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் தாண்டிப் போனவர்கள். சிதறிப்போவோமோ என்று ஒரே இடத்தில் ஒடுங்கினவர்களுக்கு அவர்கள் உதாரணம் ஆக முடியாது.

வீட்டை விடுங்கள், செங்கலைக் கையில் எடுங்கள். "கல்லுக்குப் பதிலாகச் செங்கல்லும், சாந்துக்குப் பதிலாக நிலக்கீலும்" என்று 11:3 சொல்வதை நம் பக்கத்துப் பிள்ளைகளைப் போல வேறு யாரும் புரிந்துகொள்ள மாட்டார்கள். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சாந்து பூசின சுவரைத் தொட்டுப் பார்த்த பிள்ளைகள். சாந்து இல்லாத ஊர் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். பாபேல் கட்டின சிநெயார் என்பது ஐப்பிராத்து, திக்ரீசு ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல் மண். கட்டுகிற கல் அங்கே கிடையாது. விறகும் அரிது, அதனால் சுட்ட செங்கல் விலை கூடிய பொருள். வழக்கமாக உள்ளே வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல், வெளிப்புறத்துக்கு மட்டும் சுட்ட செங்கல். ஒட்டுவதற்கு நிலக்கீல். ஐப்பிராத்துக் கரையில் ஹீத் என்ற ஊரில் அது நிலத்திலிருந்து தானாக ஊறி வரும். வசனம் எழுதினவருக்கு அந்த ஊர்க் கட்டுமானம் தெரிந்திருக்கிறது.

பாபிலோனில் மர்துக் தெய்வத்துக்குக் கட்டின எதெமெனான்கி என்ற படிக்கோபுரத்தின் அடி ஒரு பக்கம் சுமார் 91 மீட்டர், ஏறக்குறைய 300 அடி. நேபுகாத்நேச்சார் (கி.மு. 605–562) அதைக் கட்டி முடித்தான். அவன் காலத்துச் செங்கலைக் கையில் எடுத்தால், ஒரு முகத்தில் ஆப்பெழுத்தில் (ஆப்பு வடிவக் கீறல்களால் ஆன பழைய எழுத்து) அவன் பேரும் அவன் தகப்பன் பேரும் முத்திரையாகக் குத்தியிருக்கும். ஈரமாக இருக்கும்போதே அழுத்தி, பிறகு காயவைத்துச் சுட்டது. சுவருக்குள் போனபின் யார் கண்ணிலும் படாத செங்கலிலும் அந்தப் பேர் உண்டு. பாபேல், பாபிலோன் இரண்டும் எபிரெயத்தில் ஒரே சொல், தமிழில்தான் இரண்டாகிவிட்டது. தானியேல் 4:30-இல் "நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா" என்று அவன் கேட்பதை இதோடு சேர்த்து வாசியுங்கள். இன்றைக்கு அந்தக் கோபுரம் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கின சதுரப் பள்ளம்தான் இருக்கிறது. செங்கலைப் பிற்காலத்தார் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆதியாகமம் 11-இல் வருவது இந்தக் கோபுரம்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். இப்படிப்பட்ட கோபுரம் என்று சொன்னால் போதும்.

பதில்: மறைக்கல்வி_தேவகோட்டை

கைவேலைக்குப் பேழை செய்யுங்கள் சிஸ்டர். 300 முழம் நீளம், 50 முழம் அகலம், 30 முழம் உயரம். ஒரு முழத்தை ஒரு மில்லிமீட்டராக வைத்தால் 30 செ.மீ., 5 செ.மீ., 3 செ.மீ. ஸ்கேலை அப்படியே வைத்துக் கோடு போடலாம். ஏ4 தாள் 29.7 செ.மீ.தான், 3 மில்லிமீட்டர் குறையும், எடுக்காதீர்கள். "இவ்வளவுதானே" என்று விட்டால் பாடமே போய்விடும். 22-க்கு 28 அங்குலச் சார்ட் வாங்குங்கள். ஒரு சார்ட்டில் 30-க்கு 17 செ.மீ. துண்டு ஆறு வரும். இரண்டு பேருக்கு ஒரு பேழை என்றால் 12 பேழைக்கு இரண்டு சார்ட் போதும்.

துண்டின் அகலத்தில் 5, 3, 5, 3 என்று கோடு, கடைசி 1 செ.மீ. ஒட்டுவதற்கு. கோட்டின் மேல் எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி ஒருமுறை இழுத்தால் மடிப்பு நேராக விழும். இரண்டு முனைக்கும் 7-க்கு 5 செ.மீ. துண்டு தனியாக வெட்டி, நான்கு பக்கமும் 1 செ.மீ. மடித்தால் நடுவில் 5-க்கு 3 மிஞ்சும். மீதி விழும் சார்ட்டிலேயே இது வந்துவிடும். பக்கச் சுவரில் 1 செ.மீ., 2 செ.மீ. உயரத்தில் பென்சில் கோடு போட்டால் மூன்று தட்டு. கதவு நீளப் பக்கத்தில். அதற்கு அளவு சொல்லப்படவில்லை. ஜன்னல் மேலே ஒரு முழத்துக்குள், அதாவது விளிம்பை ஒட்டி 1 மில்லிமீட்டரில் ஒரு கோடு.

கறுப்பு போஸ்டர் கலர்தான் கீல். "உள்ளும் புறம்பும் கீல் பூசு" என்பது 6:14. ஒட்டினபிறகு உள்ளே தூரிகை போகாது, மடிக்கும் முன்பே பூசிக் காயவைக்க வேண்டும். பிள்ளைகள் வெளியே அழகாகப் பூசிவிட்டு உள்பக்கத்தை மறந்துவிடுவார்கள். முதலிலேயே சொல்லாமல், ஒட்டப்போகிற சமயத்தில் அந்த வசனத்தை ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள், அவர்களே பிரித்துப் பார்ப்பார்கள். தண்ணீர் அதிகம் கலந்தால் சார்ட் சுருளும். மைதாப் பசையிலும் அதே தொந்தரவு. ஃபெவிகால் மெல்லிசாகத் தடவினால் போதும். கூர்மையான முகப்பு, பாய்மரம், சுக்கான் எதையும் வைக்கவிடாதீர்கள். வேதம் சொல்வது ஒரு பெட்டி. எந்தப் பக்கம் போகும் என்பது நோவாவின் கையில் இல்லை, கதவை அடைத்ததும் ஆண்டவர்தான் (7:16). குழந்தை மோசேயை வைத்த நாணற்பெட்டிக்கும் எபிரெயத்தில் பேழைக்குள்ள அதே சொல், "தேவா". வேதத்தில் அந்தச் சொல் இந்த இரண்டுக்கு மட்டும்தான்.

உண்மையான அளவைக் காட்டப் பூக்காரம்மா அளக்கிற முழமே போதும்: முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை, சுமார் 18 அங்குலம். 300 முழம் 450 அடி. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்தெரு வரை 150 அடி இருக்கிற வீடு என்றால், அப்படி மூன்று வீட்டை வரிசையாக வைத்த நீளம்.

வகுப்பில் தானாகப் புகுந்துவிடுகிற சில விஷயங்களையும் தடுங்கள். கோபுரம் இடிந்து விழுந்தது என்று வேதம் சொல்லவில்லை, நகரம் கட்டுவதை விட்டுவிட்டார்கள் என்றுதான் 11:8. நிம்ரோத் கட்டினான் என்பது யூத வரலாற்று ஆசிரியர் யோசேப்பஸ் எழுதினதிலிருந்து வந்தது. ஆதியாகமத்தில் அவன் 10-ஆம் அதிகாரத்தோடு சரி. பேழை கட்ட 120 வருஷம் ஆனது என்பதும் வசனத்தில் இல்லை. 6:3-இல் வருகிற 120 வேறு விஷயம்.

கேள்வி கேட்டவர்: ஓய்வுநாள்பள்ளி_காரைக்குடி

மிகவும் நன்றி. ஐந்து நாளுக்கும் பாடம் கிடைத்துவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று: 12 பேழையையும் ஆலயத்தில் வரிசையாக வைப்போம். பிள்ளைகள் பேர் எழுதக் கேட்பார்கள். "பேர்" பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு எழுதவிடலாமா?

பதில்: மறைக்கல்வி_தேவகோட்டை

எழுதட்டும் சிஸ்டர், பேர் இருப்பதில் குற்றமில்லையே. வீட்டுக்கு எடுத்துப்போகும்போது யாருடையது என்றும் தெரிய வேண்டும். மடிப்பதற்கு முன், அடித்தட்டின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் பென்சிலால் இரண்டு பேர் பேரையும் எழுதச் சொல்லுங்கள். கறுப்பு நன்றாகக் காய்ந்தபின் எழுதினால்தான் பிடிக்கும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். பக்கச் சுவரில் 6:22 மட்டும் இருக்கட்டும்.