1998 பாப்புவா நியூ கினி சுனாமி: குற்றவாளி நிலநடுக்கமா, கடலடிச் சரிவா?

கடற்குருவி:
1998 ஜூலை 17 மாலை 6.49-க்கு பாப்புவா நியூ கினியின் வடகரையை 7.0 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. கொஞ்ச நேரத்தில் சிசானோ காயலை ஒட்டிய கிராமங்களை அலை வழித்துக்கொண்டு போனது. இரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இதற்குக் கடலடிச் சரிவுதான், அதாவது கடலுக்கடியில் மண் பெருந்திரளாகச் சரிந்ததுதான் காரணம் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். கண்முன்னே நிற்கிற குற்றவாளியை விட்டுவிட்டு, கடலுக்கடியில் ஒளிந்திருப்பவனை ஏன் தேட வேண்டும்?

ஆழ்கடலான்:
கணக்கு உதைக்கிறதே, அதனால்தான். 7.0 நிலநடுக்கத்தில் பாறைப் பிளவு நழுவுவது ஒன்றிரண்டு மீட்டர். கரையேறும் நீர் அந்த நழுவலைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டுவது அரிது என்பது களத்துக்குப் போகிறவர்களின் கைக்கணக்கு. ஆரோப், வராப்பு ஊர்கள் இருந்த மணல்திட்டில் நீர் 10 மீட்டருக்கு மேல் எழுந்தது, உச்சத்தில் 15 மீட்டர்.

கடற்குருவி:
கைக்கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிளவு செங்குத்தாக இருந்தால் கடல்தளம் கூடுதலாக உயரும். அடித்தளத்தின் வடிவமும் அலையை ஒரே இடத்தில் குவிக்கும். அந்தத் திட்டோ, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். தப்பி ஓட இடமில்லை. சாவு எண்ணிக்கையை வைத்து அலையை எடைபோடாதீர்கள்.

ஆழ்கடலான்:
சாவு எண்ணிக்கையை நான் தொடவே இல்லை, நீர் ஏறிய உயரத்தைத்தான் சொன்னேன். அடித்தளம் குவிக்கும், சரி. ஆனால் பேரழிவு ஏறக்குறைய 30 கி.மீ. கரைக்குள் அடங்கிவிட்டது, இரு பக்கமும் உயரம் சட்டென்று விழுகிறது. நீளமான பிளவு என்றால் இன்னும் பரவலாக அடித்திருக்கும். நேரத்தையும் பாருங்கள். கரைக்கு அவ்வளவு பக்கத்தில் அதிர்ந்தும், அலை வந்தது ஏறக்குறைய 20 நிமிடம் கழித்து.

கடற்குருவி:
உயிர் பிழைத்தவர்கள் சொன்ன நேரம்தானே அது? இருட்டுகிற வேளை, வீடு ஆடிய பயம். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டா பார்த்தார்கள்? பத்து நிமிடம் இருபதாகத் தோன்றாதா?

ஒலிவேட்டை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கடிகாரம் கட்டிய சாட்சி ஒன்று இருக்கிறது. பசிபிக்கில் வேக் தீவுப் பக்கம் கடலுக்குள் நீரொலிவாங்கிகள் இருந்தன. எமில் ஓகல் என்ற நிலநடுக்க ஆய்வாளர் அந்தப் பதிவைப் பிரித்துப் பார்த்தார். முதல் அதிர்வுக்கு 13 நிமிடம் கழித்துப் புறப்பட்ட ஓர் ஒலி அதில் இருக்கிறது. நில அதிர்வுக் கருவிகளுக்கு அது அளவு 4.4 உள்ள சின்ன நிகழ்வு. அந்த அளவுப் பின்னதிர்வு நீருக்குள் 'டக்' என்று தட்டிவிட்டு அடங்கிவிடும். இதுவோ அதன் அளவுக்குப் பொருந்தாத உரப்போடு முக்கால் நிமிடம் இழுக்கிறது. பிளவு முறியும் சத்தம் அப்படி இழுக்காது. பெரிய மண்திரள் உருண்டால் இழுக்கும். அந்த 13 நிமிடத்தோடு அலை கரை சேரும் நேரத்தைக் கூட்டினால் ஊர்க்காரர்கள் சொன்ன 20 நிமிடம் அப்படியே வந்து உட்காருகிறது. பாவம், அவர்களைத்தான் சந்தேகப்பட்டோம்.

கடற்குருவி:
இது நல்ல சாட்சி, ஒத்துக்கொள்கிறேன். சரிந்த இடத்தை யாராவது பார்த்தார்களா?

ஆழ்கடலான்:
1999 ஜனவரியில் ஜப்பானின் கைரெய் என்ற ஆய்வுக் கப்பல் அங்கே கடல்தளத்தை அளந்தது. அரைவட்டக் கிண்ணம் போல ஒரு பள்ளம், அதன் அடியில் சரிந்த திரள். ஆளில்லாக் கலம் இறங்கிப் பார்த்தபோது தரையில் புதிய வெடிப்புகள்.

கடற்குருவி:
ஆறு மாதம் கழித்துப் பார்த்த வெடிப்பில் தேதியா எழுதியிருக்கிறது? அது போகட்டும். இந்தச் சுனாமி ஜப்பான் கரையிலும் பதிவானது. சரிவு எழுப்பும் அலை குறுகலானது, தூரம் போகப் போகத் தேய்ந்துவிடும். அந்தத் தொலைவுப் பதிவுக்கு நிலநடுக்கப் பிளவே போதும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சதாகேயும் தனியோகாவும் காட்டியிருக்கிறார்கள். பிளவு சும்மா இருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆழ்கடலான்:
சொல்லவில்லையே. தூரத்துக் கருவியில் விழுந்த சின்ன அலை பிளவுடையது. வராப்பைத் துடைத்த அலை சரிவுடையது. பக்கத்துக் கரைக்குப் பிளவு மட்டும் போதாது என்றும் அதே இருவர் சொல்கிறார்கள், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கடற்குருவி:
படித்தேன். சரி, கரையில் அடித்தது சரிவுதான் என்று வைத்துக்கொள்வோம். 7.0 உலுக்கலில் விழாத மண், உலுக்கல் நின்று 13 நிமிடம் எதற்காகக் காத்திருந்தது?

ஒலிவேட்டை:
அதிர்வில் இளகிய படிவுக்குள் நீரழுத்தம் மெல்ல ஏறி, பிடிமானம் விட்டது என்பது ஒரு விளக்கம். 1929-இல் கனடாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், கிராண்ட் பேங்க்ஸில், நிலநடுக்கம் கிளப்பிய சரிவால் கடலடித் தந்திக் கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்த கதை தெரியும்தானே? சரிவுக்கு அருகில் இருந்தவை அதிர்ந்த உடனே அறுந்தன. அங்கே மண் காத்திருக்கவில்லை.

கடற்குருவி:
அப்படியானால் இங்கே மட்டும் ஏன் காத்திருந்தது? நீரழுத்தக் கதையை நான் இன்னும் முழுதாக விழுங்கவில்லை. அந்த ஒலிப்பதிவின் வரைபடம் இருந்தால் போடுங்கள், பின்னதிர்வுகளின் பதிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.