மெலோஸ் குவார்ட்டெட், 1965–2005: கேட்டதைப் பகிருங்கள்

பழந்தட்டு

ஸ்டுட்கார்ட் மெலோஸ் குவார்ட்டெட்டுக்கு இங்கே தனித்திரி இல்லை, அதனால் இதைத் திறக்கிறேன். முதலில் அடிப்படை விவரம். 1965-இல் தொடங்கிய, நாலு தந்திவாத்தியக்காரர்கள் கொண்ட குழு (குவார்ட்டெட் என்பது அதுதான், அதற்காக எழுதும் படைப்புக்கும் அதே பெயர்). முதல் வயலின் வில்ஹெல்ம் மெல்ஹர், இரண்டாம் வயலின் கெர்ஹார்ட் ஃபோஸ், வயோலா ஹெர்மன் ஃபோஸ், செல்லோ பீட்டர் பக். ஃபோஸ்கள் இருவரும் கூடப்பிறந்தவர்கள். மெல்ஹரின் ‘மெல்’லோடு ஃபோஸின் ‘ஓஸ்’ஸைச் சேர்த்தால் மெலோஸ். கிரேக்கத்தில் அதற்குப் பாட்டு என்றும் பொருள் உண்டு. பக்கின் பெயருக்கு மட்டும் அதில் பங்கில்லை, பாவம். 1993-இல் கெர்ஹார்டின் இடத்துக்கு அமெரிக்கரான ஐடா பீலர் வந்தார். 2005-இல் மெல்ஹர் இறந்தார், குழுவும் அத்தோடு முடிந்தது. நாற்பது ஆண்டில் ஒரே ஒரு ஆள்மாற்றம்.

எழுதுகிறவர்கள் ‘அற்புதம்’, ‘தெய்வீகம்’ என்று நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பதிவு, எந்தப் பகுதி, எந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பது, வாசிப்பவர்களுக்கு எங்கே சறுக்கும் என்று எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உபயோகம்.

வயோலாப்பித்தன்

மெலோஸைப் புரிந்துகொள்ள முதல் வயலினை விட்டுவிட்டு நடு இரண்டு நாற்காலிகளைக் கேளுங்கள். அண்ணன் தம்பி உட்கார்ந்திருந்த இடம் அது.

அதற்குச் சரியான பாடம் ஷூபர்ட்டின் டி மைனர் குவார்ட்டெட் (டி. 810, ‘மரணமும் கன்னியும்’; ‘டி.’ என்பது ஷூபர்ட் படைப்புகளின் பட்டியல் எண்), இரண்டாம் பகுதி. மெலோஸ் 70-களில் டாய்ச்சே கிராமஃபோன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஷூபர்ட் குவார்ட்டெட்டுகள் முழுவதையும் பதிவு செய்தார்கள், அந்தத் தொகுப்பில் இருக்கிறது. முதலில் ஜி மைனரில் ஒரு மெட்டு, ஊர்வலம் போல நகரும். பிறகு அதன் மாறுபாடுகள். முதல் மாறுபாட்டில் எல்லோர் காதும் மேலே பின்னல் போடும் முதல் வயலினுக்குத்தான் போகும். ஆனால் மெட்டு அங்கே இல்லை. இரண்டாம் வயலினும் வயோலாவும் திஸ்ர நடையில் மும்மூன்றாகத் துடித்துக்கொண்டிருக்கும் அந்த அடுக்குக்குள் ஒளிந்திருக்கிறது. அடியில் செல்லோவில் வில் கிடையாது, விரலால் மீட்டுவது மட்டும்.

இங்கே சறுக்குவது மூன்று இடத்தில். ஒன்று, இருவரும் வில்லின் வெவ்வேறு பகுதியில் வாசித்தால் (ஒருவர் நுனியில், இன்னொருவர் நடுவில்) துடிப்பு ஒரே துணியாக இராது. ஒருவரிடம் அரிசி, இன்னொருவரிடம் நொய் என்று தனித்தனியாக உதிரும். இரண்டு, மூன்று சுரங்களில் முதலாவதில் அழுத்தம் கூடினால் நடை நொண்டும். மூன்று, துடிப்பைத் ‘துணை’ என்று நினைத்து அடக்கிவிட்டால் மெட்டு காணாமல் போய், முதல் வயலினின் அலங்காரம் மட்டும் அந்தரத்தில் தொங்கும். மெலோஸ் பதிவில் இரண்டு வாத்தியத்துக்கும் ஒரே அளவு வில், ஒரே இடம். ஹெட்ஃபோனில் ஒருமுறை மேல்வயலினைப் பொருட்படுத்தாமல் கேட்டுவிட்டு, இரண்டாம் முறை முழுசாகக் கேளுங்கள்.

நாலாம்தந்தி

பித்தன் சொன்ன அதே நடு நாற்காலிகளுக்கு இன்னும் கடுமையான பரீட்சை ஷூபர்ட்டின் சி மேஜர் குவிண்டெட் (ஐந்து பேர் வாசிப்பது, டி. 956). இரண்டு செல்லோ வேண்டும். மெலோஸ் 1977-இல் செல்லோக்காரர் ரொஸ்த்ரபோவிச்சைச் சேர்த்துக்கொண்டு பதிவு செய்தார்கள். பிற்பாடு ஹார்மோனியா முண்டிக்காக வுல்ஃப்காங் பொட்ஷரோடு இன்னொன்று. பொட்ஷர் முன்பு பெர்லின் ஃபில்ஹார்மானிக்கில் முதன்மைச் செல்லோக்காரர்.

இரண்டாம் பகுதியை, அந்த அடாஜியோவை (மெதுவான பகுதி), எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூன்று பேர் (இரண்டாம் வயலின், வயோலா, ஒரு செல்லோ) நீண்ட சுரங்களைத் தாங்கிப் பிடிப்பார்கள். இன்னொரு செல்லோ கீழே மீட்டும். முதல் வயலின் மேலே ஓரிரு சொல் பேசிவிட்டு அடங்கும். கேட்க எளிது. கையில் வில் இருப்பவருக்கு அல்ல. ஒரு பார் (ஓர் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) நிதானமாக வாசித்தால் 8, 9 விநாடி ஓடும். வயலின் வில்லில் முடியின் நீளம் சுமார் 65 செ.மீ. ஒரே வில்லில் ஒரு பார் முழுக்க இழுக்க வேண்டுமானால் விநாடிக்கு 7, 8 செ.மீ. தான் நகரலாம். அவ்வளவு மெதுவாகப் போனால் தந்தி முழுதாக அதிராது, விசில் மாதிரி பிசிறும். பிசிறாமல் இருக்க அழுத்தினால் ஒலி தடித்து, எழுதியிருக்கும் மென்மை போய்விடும். அதனால் நடுவில் வில்லைத் திருப்பித்தான் ஆக வேண்டும். மூன்று பேரும் ஒரே இடத்தில் திருப்பினால் ஓட்டை கேட்கும். ஆளுக்கு ஓர் இடம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு திருப்பினால் மூச்சே விடாத ஒரே இழை மாதிரி கேட்கும். நல்ல பதிவில் எங்கே திருப்பினார்கள் என்று கண்டுபிடிக்க முயன்று தோற்க வேண்டும். அதுதான் சோதனை.

வேகம் பற்றிச் சண்டை வேண்டாம். மெதுவாகப் போனாலும் இழை அறாமல் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

புதுக்காது

ஒரு சந்தேகம். நாலு பேரில் இரண்டாம் வயலின் மட்டும் மாறினால் அவ்வளவு வித்தியாசமா? முதல் வயலின் அதே ஆள்தானே?

வயோலாப்பித்தன்

நண்பரே, கெர்ஹார்ட் இருந்தது 28 ஆண்டு. அத்தனை காலத்தில் எழுதாமலேயே ஊறிப்போன ஒப்பந்தங்கள் ஆயிரம் இருக்கும்: எந்தச் சுரத்தில் விரல் அதிர்வை நிறுத்துவது, எங்கே யார் மூச்சுவிட்டுத் தொடங்குவது, வில்லை எந்தப் பக்கம் இழுப்பது. வில்திசை மட்டும்தான் தாளில் பென்சிலில் இருக்கும். மற்றதெல்லாம் ஆட்களிடம் இருக்கும். புதிதாக வருகிறவர் தாளை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். தாளில் இல்லாததை மற்ற மூவரும்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பழக்கத்தில் செய்ததைச் சொல்லாக்கும்போதுதான் அதில் பாதி காரணமில்லாதது என்று அவர்களுக்கே தெரியவரும்.

அதனால் ஆள்மாற்றம் நஷ்டம் மட்டுமே என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, சகோதரர்களில் ஒருவர் போனபின் நடு இரண்டு குரலும் ஒரே நிறமாக இராது. சில இடத்தில் அது குறை. குரல்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டிய இடத்தில் லாபம்.

எந்தப் பதிவில் யார் என்று அறிய உறையின் பின்பக்கத்தில் இரண்டாம் வயலின் பெயரைப் பாருங்கள். வட்டத்துக்குள் ‘பி’ போட்டிருக்கும் ஆண்டு வெளியீட்டு ஆண்டு, வாசித்த ஆண்டு அல்ல. மறுபதிப்பை வைத்துக் குழம்பாதீர்கள்.

சுருதிப்பெட்டி

சுருதி விஷயத்தை யாரும் தொடவில்லையே. குவார்ட்டெட்டில் பாதிச் சண்டை அதில்தான்.

வயோலாவின் கீழ்த்தந்தி சி (செல்லோவுடையதும் சி, ஒரு ஸ்தாயி கீழே). வயோலாவின் சி-யிலிருந்து சி–ஜி–டி–ஏ–ஈ என்று ஐந்தாம் சுரமாக, நம் கணக்கில் ச–ப, ச–ப என்று நான்கு தாவல் போனால் வயலினின் மேல்தந்தி ஈ. ஒவ்வொன்றையும் சுத்தமாகச் சேர்த்தால் ஒரு தாவல் 702 சென்ட் (சுருதி இடைவெளியின் அலகு, ஒரு ஸ்தாயிக்கு 1200). நான்குக்கு 2808. ஆனால் வயோலாவின் சி-க்கு மேல் சுத்தமான அந்தர காந்தாரமாக அந்த ஈ ஒலிக்க வேண்டுமானால் இரண்டு ஸ்தாயி 2400, அதோடு 386, ஆக 2786 தான் இருக்க வேண்டும். 22 சென்ட் அதிகம். தனித்தனியாகச் சரியாகச் சேர்த்த நாலு வாத்தியம் சேர்ந்து ஒரு சி மேஜர் பிடித்தால் கரகரப்பது இதனால்தான். யாருடைய காதும் கெட்டுப்போகவில்லை.

வழி என்ன? தாவல்களைக் கொஞ்சம் குறுக்குவார்கள். ஒவ்வொன்றும் 700 ஆனால் மிச்சம் 14 சென்ட். செல்லோவும் வயோலாவும் சி தந்தியைச் சற்று ஏற்றிப் பிடிப்பது இதற்குத்தான். அந்த மிச்சத்துக்கு, வயலின்காரர் ஈ-யைத் திறந்த தந்தியில் வாசிக்காமல் ஏ தந்தியில் நாலாம் விரலை வைப்பார், விரலை நகர்த்தலாம் அல்லவா. முழுவதையும் சுருதி சேர்க்கும்போதே தீர்க்க முயன்றால் ஒரு தாவல் 696.5 வரை இறங்க வேண்டும். அப்போது திறந்த தந்திகளே அபஸ்வரமாகக் கேட்கும்.

பழந்தட்டு

அருமையான கணக்கு. வெளியே பேசப்படாத பதிவுகள் இரண்டைச் சேர்க்கிறேன்.

செருபினியின் ஆறு குவார்ட்டெட். முதலாவது 1814. இரண்டாவது, லண்டன் ஃபில்ஹார்மானிக் சொசைட்டிக்காக 1815-இல் எழுதிய டி மேஜர் சிம்ஃபனியையே சி மேஜருக்கு மாற்றி, மெதுவான பகுதியை மட்டும் புதிதாக எழுதிச் சேர்த்தது. மற்ற நான்கும் எழுபது தாண்டிய கிழவர் 1834-க்கும் 1837-க்கும் இடையில் எழுதியவை. மெலோஸ் ஆறையும் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கேட்டால் நாலு பேரிடம் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவின் வேலையைக் கொடுத்திருப்பது தெரியும். சத்தத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் வாத்தியம் கத்தும், அவ்வளவுதான்.

அடுத்து மெண்டல்ஸோன் முழுத்தொகுப்பு. அதில் ஓபஸ் 80-ஐ (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்) முதலில் கேளுங்கள். 1847 மே மாதம் அக்கா ஃபேனி இறந்தார், அந்தக் கோடையில் எழுதியது, நவம்பரில் இவரும் போய்விட்டார். எஃப் மைனர். தொடக்கத்திலேயே தந்திகள் வேகமாக நடுங்கும். நடுக்கத்தை முழு வில்லால் வாசித்தால் சேறாகிவிடும். நுனியில், சில செ.மீ. வில்லில் வைத்தால்தான் உள்ளே சுரம் மாறுவது தெரியும்.

எல்.பி. தேடுகிறவர்களுக்கு: 33⅓ சுழற்சியில் தட்டின் வெளிவிளிம்பில் (ஆரம் 14.6 செ.மீ.) ஊசிக்கு அடியில் விநாடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடும். உள்விளிம்பில் (6 செ.மீ. என்று கொண்டால்) 21 செ.மீ. தான். அதே ஒலியை அதில் பாதிக்கும் குறைவான இடத்தில் அடைத்திருக்கிறார்கள். டி. 810 மாதிரி நாற்பது நிமிடப் படைப்பில், இருப்பதிலேயே வேகமும் சத்தமும் கூடிய கடைசிப் பக்கம் போய் விழுவது சரியாக அந்த உள்விளிம்பில். அங்கே முதல் வயலின் கீச்சிட்டால் மெல்ஹரைத் திட்டாதீர்கள். ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது முன்சொந்தக்காரரின் தேய்ந்த ஊசி பள்ளத்தை ஏற்கெனவே அரித்திருக்கலாம். வாங்குமுன் கடைசி இரண்டு நிமிடத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். தொடக்கத்தைப் போட்டுக் காட்டும் கடைக்காரரை நம்ப வேண்டாம்.

கொலோன்வழி

ஆள்மாற்றம் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு பக்கத்துக் கதை. அவுரின் குவார்ட்டெட், கொலோன், 1981. மிஹாயெல் எண்டெயின் கதையில் வரும் மந்திரப் பதக்கத்தின் பெயர். லிங்கன்ஃபெல்டர், ஓப்பர்மன், ஈட்டன், ஆர்ண்ட். நாற்பது ஆண்டுக்கு மேல் இதே நாலு பேர், கடைசிவரை ஒரு மாற்றமும் இல்லை. ஹைடனின் குவார்ட்டெட்டுகள் 68-ஐயும் டாசெட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தார்கள். ஒரே ஆட்கள், ஒரே நிறுவனம் என்பதால் ஆரம்ப ஹைடனையும் கடைசி ஹைடனையும் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது மாறுவது ஹைடன் மட்டும்தான். இந்த வசதி மெலோஸிடம் கிடையாது.

வயோலாப்பித்தன்

ஒப்புக்கொள்கிறேன், ஹைடனுக்கு அவுரின்தான். ஆனால் விருந்தாளியோடு வாசிப்பதில் மெலோஸ் வேறு ரகம். மொஸார்ட் குவிண்டெட்டுகளில் இரண்டாம் வயோலா ஃப்ரான்ஸ் பேயர், மொஸார்ட்டின் ரெக்வியத்தை (இறந்தோருக்கான வழிபாட்டு இசை) திருத்திப் பதிப்பித்தாரே, அவர். ப்ராம்ஸில் ஜெரார் கோஸே, புரூக்னரில் என்ரிகே சந்தியாகோ. ஐந்தாவது ஆள் வரும்போது மற்றவர்கள் இடம்விட்டு ஒதுங்குகிறார்களா, நெருங்கி உட்காருகிறார்களா என்று கேளுங்கள். இவர்கள் நெருங்குகிறவர்கள். நால்வரும் ஸ்டுட்கார்ட் இசைக்கல்லூரியில் பல ஆண்டு பாடம் எடுத்தவர்கள். மிங்கெட் குவார்ட்டெட் அவர்களிடம் படித்ததுதான்.

புதுக்காது

பீத்தோவன் ஓபஸ் 131-ஐ ஏழு பகுதியும் நிறுத்தாமல் வாசிக்க வேண்டுமாமே. இடையில் தந்தி இறங்கினால் என்ன செய்வார்கள்? மெலோஸ் பதிவில் கேட்டுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

சுருதிப்பெட்டி

சுமார் நாற்பது நிமிடம், நிறுத்தம் இல்லை. அதிலும் சி ஷார்ப் மைனர். அந்த ஸ்கேலில் திறந்த தந்திகளில் ஏ-யும் ஈ-யும்தான் வரும். சி, ஜி, டி மூன்றும் வராது. கூட அதிர்ந்து உதவத் தந்தி இல்லாததால் ஒலியே கொஞ்சம் மங்கலாக இருக்கும், சாய்ந்துகொள்ளவும் இடமில்லை. மேடை விளக்குச் சூட்டில் தந்தி நகர்ந்தால் ஓய்வுக்குறி வரும் நேரத்தில் முளையை லேசாகத் திருகுவார்கள். அதற்கும் நேரமில்லை என்றால் எல்லாவற்றையும் விரல் வைத்து வாசித்துச் சமாளிப்பார்கள். புதுத் தந்தி ஓரிரு நாள் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் கச்சேரி அன்று யாரும் தந்தி மாற்ற மாட்டார்கள்.

நீங்கள் கேட்டது 80-களில் டாய்ச்சே கிராமஃபோனுக்காக எடுத்ததாக இருந்தால், அதில் தெரியாது. ஸ்டூடியோவில் துண்டு துண்டாக எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கு முன்னும் சுருதி சேர்த்துக்கொள்ளலாம். தந்தி நகர்வதைக் கேட்க வேண்டுமானால் எந்தக் குழுவானாலும் ஒரே மூச்சில் எடுத்த வானொலிக் கச்சேரிப் பதிவுதான் வேண்டும். ஏழாம் பகுதியின் தொடக்கத்தில் நால்வரும் ஒரே சுரங்களை ஸ்தாயி மாற்றிச் சேர்ந்து வாசிக்கும் இடத்தைக் கவனியுங்கள்.